உப்பும் பூச்செடியும்

பிரிக்பீல்ட்ஸ் பூக்கடைகளில் தொங்கும் மல்லிகைச் சரத்தை எல்லாரும் பார்த்திருப்போம். அதே மல்லிகையை வீட்டுத் தொட்டியில் வைத்தால், தினமும் தண்ணீர் ஊற்றியும் சில செடிகள் இலை நுனி கருகி, மொட்டு விடாமல் நின்றுவிடும். தண்ணீர் போதலையோ என்று இன்னும் ஊற்றுவோம். காரணம் உப்பாகவும் இருக்கலாம்.

உப்பு எங்கிருந்து வருது?

சமையல் உப்பு மட்டும் உப்பு இல்லை. நாம் போடும் ரசாயன உரங்களில் பெரும்பாலானவையும் நீரில் கரையும் உப்புகளே. அளவு மீறினால், தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு மண்ணிலேயே தங்கும். தொட்டி விளிம்பில் படியும் வெள்ளைப் படலம் அதற்கு ஓர் அறிகுறி.

செடிக்குள் என்ன நடக்குது?

வேருக்குள் இருக்கும் சாறு மண்ணிலுள்ள நீரைவிட அடர்த்தியாக இருந்தால்தான் தண்ணீர் உள்ளே போகும். மண்ணில் உப்பு ஏற ஏற, வேர் தண்ணீரை இழுக்கத் திணறும். ஈர மண்ணில் நின்றபடியே செடி தாகத்தில் வாடும். ஊறுகாய் போடும்போது உப்பு மாங்காயிலிருந்து தண்ணீரை வெளியே இழுக்குதே, அதே விதிதான்.

இது முதல் கட்டம். புது இலைகள் சிறுத்துவிடும். அடுத்த கட்டத்தில் சோடியமும் குளோரைடும் பழைய இலைகளில் சேர்ந்து அவற்றைக் கருக்கும். பொட்டாசியம் செய்ய வேண்டிய வேலையைச் சோடியம் கெடுக்கும். செடியின் சக்தி உயிர் பிழைக்கவே சரியாகிவிடும். பூ குறையும், சிறுக்கும், மொட்டு உதிரும்.

உப்பில் வாழும் தில்லை

சிதம்பரத்தின் தலமரம் தில்லை. அருகிலுள்ள பிச்சாவரம் சதுப்புக்காட்டில் இன்றும் வளருது. நம் சிலாங்கூர் கடலோரத்திலும் உண்டு. மலாயில் ‘பூத்தா-பூத்தா’ என்பார்கள். அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து, தொடாதீங்க! தில்லை உப்பைப் பழைய இலைகளில் சேர்த்து, அவற்றை உதிர்த்துவிடும். வெண்கண்டல் மரமோ இலைச் சுரப்பிகள் வழியாக உப்பை வெளியேற்றும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருந்தும் இவை பூக்கின்றன. மல்லிகைக்கு இந்த வசதி இல்லை.

மீட்க வழி

2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் வயல்களில் கடல்நீர் புகுந்தது. பிறகு பெய்த மழை உப்பைக் கழுவி, நிலம் மீள உதவியது. தொட்டிக்கும் அதே வைத்தியம்தான்: உரத்தை நிறுத்தி, அடித்துளை வழியே வடியும்வரை நல்ல தண்ணீர் ஊற்றணும்.

செய்து பாருங்கள்

மூன்று தொட்டிகளில் ஒரே அளவுள்ள காசித்தும்பைச் செடிகளை வையுங்கள். ஒன்றுக்கு நல்ல தண்ணீர், மற்ற இரண்டுக்கும் லிட்டருக்கு 3 கிராம், 6 கிராம் உப்புக் கலந்த தண்ணீர். நான்கு வாரம் உயரம், இலை, பூ எண்ணிக்கையைக் குறித்து வாங்க.

கலந்து பேச: எந்த மாற்றம் முதலில் தெரிந்தது, இலையிலா, பூவிலா? ஏன்?