எதை எங்கே வைப்பது?

லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்கா நிலையத்தில் மீன் வாங்க வருபவர் துணிக்கடைகளுக்கு இடையே அலைய வேண்டியதில்லை. தரைத்தளத்தில் ஈரச்சந்தையும் உணவங்காடிகளும் இருக்கின்றன; துணிக்கடைகள் மாடியில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் அதற்குரிய இடத்தில் இருப்பதால் தேடுவது எளிதாகிறது.

கணினிக்குள்ளும் இத்தகைய ஒழுங்கு தேவைப்படுகிறது. கணினியை இயக்கும் மென்பொருளை இயங்குதளம் என்கிறோம். அதன் மையப் பகுதியே கெர்னல். நினைவகத்தைப் பங்கிடுவது, கோப்புகளைச் சேமிப்பது, விசைப்பலகை போன்ற கருவிகளோடு தொடர்புகொள்வது ஆகியவை அதன் பணிகள்.

1991ஆம் ஆண்டில், பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 'லினக்ஸ்' என்ற கெர்னலை எழுதினார். அதன் முதல் பதிப்பில் ஏறத்தாழ 10,000 வரிகளே இருந்தன. அது இன்டெல் 386 என்ற ஒரே வகை நுண்செயலியில் மட்டும் இயங்கியது. இன்று ஆண்ட்ராய்டு திறன்பேசிகளும் லினக்ஸால் இயங்குகின்றன. அதன் நிரல் 30 மில்லியன் வரிகளைத் தாண்டிவிட்டது.

இவ்வளவு பெரிய நிரலில் ஒரு பிழையை எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்குக் கோப்புறைகள் உதவுகின்றன. நினைவகம் தொடர்பான கோப்புகள் ஒரு கோப்புறையிலும், கோப்புச் சேமிப்பு தொடர்பானவை மற்றொன்றிலும் உள்ளன. எல்லா நுண்செயலிகளுக்கும் பொதுவான நிரல் ஒருமுறை மட்டுமே எழுதப்படுகிறது. ஒவ்வொரு வகை நுண்செயலிக்கும் உரிய சிறப்பு நிரல், 'ஆர்ச்' என்ற கோப்புறைக்குள் தனித்தனி உட்கோப்புறைகளில் வைக்கப்படுகிறது.

எனினும், இந்தப் பிரிவினையிலும் ஒரு சிக்கல் தோன்றியது. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 32 பிட், 64 பிட் நுண்செயலிகளுக்கு இரண்டு உட்கோப்புறைகள் இருந்தன. அவற்றிலுள்ள பல கோப்புகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தன. ஒன்றில் பிழையைத் திருத்தியவர்கள் மற்றொன்றில் திருத்த மறந்தால், பிழை அங்கேயே தங்கிவிடும்.

2007ஆம் ஆண்டில் தாமஸ் கிளெய்க்ஸ்னர், இங்கோ மோல்னார் ஆகிய இருவரும் அவற்றை ஒன்றிணைக்க முன்வந்தனர். அதற்கு எதிர்ப்பும் எழுந்தது. பழைய கருவிகளுக்காக எழுதப்பட்ட நிரல், புதியவற்றின் நிரலோடு கலந்து குழப்பம் உண்டாக்கும் என்று எதிர்த்தவர்கள் கருதினர். அந்த அச்சத்திலும் நியாயம் இருந்தது.

அதனால் இணைப்பு படிப்படியாக நடந்தது. முதலில் எல்லாக் கோப்புகளும் 'எக்ஸ்86' என்ற ஒரே கோப்புறைக்கு மாற்றப்பட்டன. ஒரே பெயருடைய கோப்புகளை வேறுபடுத்த, பெயரின் இறுதியில் 32 அல்லது 64 என்ற எண் சேர்க்கப்பட்டது. அந்தக் கட்டத்தில் நிரலின் செயல்பாடு மாற்றப்படவில்லை. அதன் பிறகே, ஒத்த கோப்புகள் ஒவ்வொன்றாக ஒப்பிடப்பட்டு இணைக்கப்பட்டன. உண்மையிலேயே வேறுபட்டவை தனியாகவே விடப்பட்டன. புதிய கோப்புறையுடன் லினக்ஸ் 2.6.24 பதிப்பு 2008 ஜனவரியில் வெளிவந்தது.

பொருள்களைப் பிரித்து வைப்பது மட்டும் ஒழுங்காகிவிடாது. எவை வேறுபட்டவை, எவை ஒன்றானவை என்று அறிந்து வைப்பதே ஒழுங்கு. அமைப்பு வளரும்போது அந்த ஒழுங்கையும் மீண்டும் சரிபார்க்க வேண்டும்.