படையுடுப்பின் பழம் பொத்தான்கள்

மதுரையில் பழம் பாத்திரக் கடையொன்றில், நிறுத்து விற்றற்குக் குவித்திருந்த பித்தளைத் துண்டுகளினிடையே சிறு பொத்தானொன்று எம் கண்ணிற் பட்டது. "இது கான்சாகிபு சண்டைக் காலத்துச் சாமான், தம்பி" என்றார் கடைக்கார முதியவர். யாமும் நம்பினோம், நம்ப விரும்பினோம் என்பதே உண்மை. கும்பினியாரையும் நவாபையும் எதிர்த்து நின்று, 1763இல் முதல் முற்றுகையை முறியடித்து, மறு ஆண்டில் தன்னைச் சார்ந்தோராலேயே பிடித்துக் கொடுக்கப்பட்டு, 1764 அக்டோபர் 15ஆம் நாள் தூக்கிலிடப்பட்ட யூசுப்கானின் வரலாற்றை அறியாத மதுரை மாணவர் யாவர்? சம்மட்டிபுரத்தில் உள்ள அவன் அடக்கத்தலம் நாம் அறிந்ததே. அவன் காலத்துப் பொருளொன்று எம் கையகத்தே இருப்பதாக எண்ணி இறும்பூதெய்தினோம்.

ஆயினும், விருப்பம் சான்றாகாது. ஆகவே அப்பொத்தானை முறையாக ஆராயத் தொடங்கினோம். அம்முறையை நண்பர்கட்கும் ஈண்டுக் கூறுவாம்.

முதற்கண் நோக்கற்பாலது உலோகம். பிரிட்டிஷ் காலாட்படையின் சாதாரண வீரர் 1855 வரையில் வெள்ளீயக் கலவையாலாய பொத்தான்களையே அணிந்தனர். அவ்வாண்டு முதல் பித்தளை வழங்கிற்று. அதிகாரிகளின் பொத்தான்கள் பொன் முலாமோ வெள்ளியோ பூசப்பெற்றவை.

இரண்டாவது, பின்புறம். ஒரே தகடாய், பின்னே தைத்தற்குரிய வளையம் பொருந்தியது பழைய அமைப்பு. முன்தகடும் பின்தகடும் விளிம்பில் மடித்து இணைக்கப்பட்டு உள்ளே வெற்றிடமாயிருப்பது 19ஆம் நூற்றாண்டிற் பரவிய அமைப்பு. பின்தகட்டில் செய்தவர் பெயரும் ஊரும் பொறிக்கப்பட்டிருத்தலும் உண்டு. அப்பெயரும் முகவரியும் காலத்தைக் குறுக்கிக் காட்டும்.

மூன்றாவது, எண். பட்டாளத்தின் எண்ணைப் பொத்தானிற் பொறிக்க வேண்டுமென்று பிரிட்டிஷ் படைக்கு ஆணை பிறந்தது 1767இல். 1871இல் சாதாரண வீரர்க்கு எண் நீக்கப்பட்டு, அரச முத்திரை பொறித்த பொதுப் பொத்தான் வந்தது. நம் நாட்டுப் பட்டாளங்களின் எண்களும் மாறியதுண்டு. 3ஆம் எண்ணுடையதாயிருந்த பாளையங்கோட்டைப் பட்டாளம் 1903இல் 63ஆம் எண்ணைப் பெற்றது. ஆதலின் ஒரே பட்டாளத்தின் இரு பொத்தான்கள் இரு எண்களைக் காட்டக்கூடும்.

நான்காவது, சின்னம். சென்னைப் பட்டாளங்கள் சிலவற்றின் யானைச் சின்னம் 1803இல் நிகழ்ந்த அசாயே போரின் நினைவாக வழங்கப்பெற்றது; எனவே அவ்யானை அப்போர்க்கு முற்பட்டதாதல் இயலாது. முடியின் வடிவமும் காலங்காட்டும். விக்டோரியா அரசியார் காலத்து முடியின் மேல்வளைவு நடுவில் தாழ்ந்திருக்கும். 1901க்குப் பின் வந்த மன்னர்களின் முடி குவிந்து உருண்டிருக்கும். 1950இல் குடியரசான பின் நம் படையின் சின்னங்களில் முடியின் இடத்தை அசோகச் சிங்கங்கள் பெற்றன.

இனி எம் பொத்தானுக்கு வருவோம். அது பித்தளை; இருதகட்டு அமைப்பினது; முகத்தில் ஈரிலக்க எண்ணொன்று. முன்னிலக்கம் தேய்ந்து மறைந்துவிட்டது, பின்னிலக்கம் 4. முற்றுகை முடிந்தது 1764இல்; எண் பொறிக்கும் ஆணை 1767இல். மூன்றே ஆண்டு இடைவெளி எம் கனவைக் கலைத்துவிட்டது. அரசியாரின் காலாட்படைச் சாதாரண வீரனொருவனதாயின், அது 1855க்கும் 1871க்கும் இடைப்பட்டதாகும். கான்சாகிபு மறைந்து ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின்னர் எவனோ ஒருவன் சட்டையிலிருந்து கழன்று வீழ்ந்தது அது.

எம்மை வருத்தியது அதுவன்று. "எங்கே கிடைத்தது?" என்று வினவியதற்கு முதியவர், "மூட்டையோடு வந்தது" என்றார். அவ்வொரு விடை தெரிந்திருப்பின் எத்துணை நலமாயிருக்கும்! மதுரைக் கோட்டை மதில்கள் 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் இடிக்கப்பட்டு, அகழி தூர்க்கப்பட்டது. அத்தூர்த்த மண்ணுக்கு அடியில், பின்னர்க் கலைக்கப்படாத இடத்தில், எண்ணில்லாத வெள்ளீயப் பொத்தானொன்று கிடைக்குமாயின், அது அவ்வாண்டுகட்கு முற்பட்டதென்பதை மண்ணே சொல்லும். இடத்தினின்று பெயர்த்த பொருளோ பாதி ஊமை.

ஆதலின் நண்பர்காள், உழுத வயலிலோ கிணறு தோண்டிய மண்ணிலோ இத்தகைய பொருள் காணின், புளியிட்டுத் துலக்காதீர், எழுத்துந் தேய்ந்துபோம். கண்ட இடத்தையும், ஆழத்தையும், நாளையும் அன்றே குறித்துக் கொள்க. பழம் மேடுகளைத் தோண்டுதல் நம் தொழிலன்று. காந்தி நினைவு அருங்காட்சியக வளாகத்திலேயே அரசு அருங்காட்சியகமும் உண்டு, ஆங்குக் காட்டுக.

பொத்தானை யாம் வாங்கி வந்தோம். இல்லையேல் அது உருக்குலைக்குச் சென்றிருக்கும். அதனை வைத்த காகித உறையின்மேல், "பித்தளை; இருதகடு; ஈற்றெண் 4; கிடைத்த இடம் தெரியாது" என்று எழுதியுள்ளோம். கான்சாகிபுவின் பெயரை எழுதவில்லை. எழுதாமல் விட்டதே யாம் கற்ற பாடம்.