முதல் ஆறு வாரங்கள்: தாய்ப்பால் போதுகிறதா என்பதை அறியும் முறை

பிறந்த குழந்தையைத் தூக்குதல், துணி மாற்றுதல், உறங்கவைத்தல் ஆகியவற்றை எந்தக் குடும்பமும் சில நாள்களில் பழகிக்கொள்கிறது. பல வீடுகள் தடுமாறுவது, பால் போதுகிறதா என்று முடிவு செய்யும் இடத்தில்தான். குழந்தை அழுதவுடன் ‘பால் பத்தவில்லை’ என்று யாரேனும் சொல்ல, அன்றே புட்டிப்பால் தொடங்கப்படுகிறது. புட்டிப்பால் குடித்த குழந்தை மார்பில் குறைவாகச் சப்ப, சப்பும் அளவுக்கேற்பவே பால் சுரக்குமாதலால், முன்பு இல்லாத குறை உண்மையாகவே உண்டாகிவிடுகிறது. ஆகவே சிறுநீர், மலம், எடை ஆகிய மூன்றைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும். அழுகையைக் கொண்டு அன்று.

1. தொடங்குதல்

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் குழந்தையைத் தாயின் மார்பில் தோலோடு தோல் படக் கிடத்திப் பாலூட்டத் தொடங்க வேண்டும். முதல் நாள்களில் சுரக்கும் கெட்டியான சீம்பால் சிறிதளவே என்றாலும் நோய் எதிர்ப்புப் பொருள்கள் நிறைந்தது; அப்போதைய சிறு இரைப்பைக்கு அதுவே போதும். சேனை வைப்பதாகச் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ கொடுக்கக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரியின் வித்துகள், ஓராண்டு நிறையாத குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கக்கூடும்.

2. மார்பைப் பற்றவைத்தல்

பால் குறைவு என்று கூறப்படுவதில் பெரும்பகுதி இந்த இடத்தில் நேரும் பிழையே என்பதால், இதற்கு முழுப் பொறுமையும் தர வேண்டும். குழந்தையின் காது, தோள், இடுப்பு ஆகியவை ஒரே நேர்கோட்டில் இருக்க, அதன் வயிறு தாயின் உடலோடு ஒட்டியிருக்கும்படி ஏந்த வேண்டும். கழுத்தை மட்டும் திருப்பிய நிலையில் விழுங்குவது கடினம். காம்பு குழந்தையின் மூக்குக்கு நேராக இருக்க, அதனால் மேலுதட்டைத் தீண்டினால் குழந்தை வாயை அகலத் திறக்கும். அந்நேரத்தில் குழந்தையை மார்புக்குக் கொண்டுவர வேண்டுமேயன்றி, மார்பை வாய்க்குள் திணிக்கக் கூடாது.

மோவாய் மார்பில் பட்டு, கீழுதடு வெளிப்புறம் மடிந்து, காம்பைச் சுற்றியுள்ள கருநிறப் பகுதி வாய்க்குக் கீழே இருப்பதைவிட மேலே கூடுதலாகத் தெரிந்தால் பிடி சரியாக அமைந்தது எனக் கொள்ளலாம். காம்பை மட்டும் கவ்விய குழந்தை நெடுநேரம் சப்பியும் போதிய பால் பெறாது. தாய்க்கும் காம்பு வெடிக்கும். வலியைப் பழகிவிடும் என்று பொறுத்துக்கொள்ளாமல், கழுவிய சுண்டுவிரலை வாயோரத்தில் நுழைத்துப் பிடியை விடுவித்து, எத்தனை முறையானாலும் மீண்டும் பொருத்த வேண்டும்.

நாளொன்றுக்கு 8 முதல் 12 முறை பாலூட்டுவது இயல்பு. கையைச் சப்புதலும் வாயைத் திறந்து தலையைத் திருப்புதலும் பசியின் முதல் குறிகள். அழுகை கடைசிக் குறி. கடிகாரம் பார்த்துப் பாலூட்டுவதை அறவே விட்டுவிட வேண்டும்.

3. கணக்கெடுத்தல்

முதல் நாள் ஒருமுறை, இரண்டாம் நாள் இருமுறை எனச் சிறுநீர் கழிப்பது படிப்படியாகக் கூடி, ஐந்தாம் நாளுக்குப் பின் நாளொன்றுக்கு ஆறு முறையேனும் ஆக வேண்டும். டயாப்பர் இந்தக் கணக்கை மறைத்துவிடுவதால், முதல் சில வாரங்களுக்குப் பருத்தித் துணியே கட்ட வேண்டும். கருமையான முதல் மலம் ஐந்து நாள்களுக்குள் மஞ்சளாக மாற வேண்டும். முதல் நாள்களில் எடை சற்றுக் குறைவது இயல்பே. பத்து விழுக்காட்டுக்கு மேல் குறைந்தாலோ, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பாவிட்டாலோ மருத்துவரை அணுக வேண்டும். அதன்பின் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் கூடுவது நல்ல வளர்ச்சி. கூடுதல் பால் தேவை என மருத்துவர் கூறினால், பீய்ச்சிய தாய்ப்பாலைப் பாலாடையால், அதாவது மூக்குடைய சிறு கிண்ணத்தால், புகட்டுவதே முதல் வழி.

4. அழுகையைப் புரிந்துகொள்ளுதல்

மூன்று அளவுகளும் சரியாக இருக்க, குழந்தை மாலையில் நெடுநேரம் அழுதால் பாலின் மீது பழி போடக் கூடாது. அழுகை ஏறத்தாழ ஆறாம் வாரத்தில் உச்சம் அடைந்து, மூன்று, நான்கு மாதங்களில் தணிவது பல குழந்தைகளுக்கும் பொதுவானது. தோளில் சாய்த்து நடத்தல் போதும். கிரைப் வாட்டர் தேவையில்லை.

5. பிற பராமரிப்பு

தொப்புள்கொடியில் எதையும் தடவாமல் உலர விட வேண்டும். குளிப்பாட்டும்போது மூக்கிலோ காதிலோ எண்ணெய் விடுவதும், சாம்பிராணிப் புகை காட்டுவதும் கூடாது. மல்லாக்கவே உறங்கவைக்க வேண்டும். ஆறாம் வாரத் தடுப்பூசியைத் தள்ளிப்போடக் கூடாது. 20 முதல் 30 சென்டிமீட்டர் தொலைவில் உள்ள முகத்தைப் பார்க்கத் தொடங்கும் குழந்தை, ஆறு முதல் எட்டு வாரத்தில் முகம் பார்த்துச் சிரிக்கும். குறைமாதக் குழந்தைக்குச் சிரிப்புக்கான இந்த வாரக் கணக்கைப் பிரசவத்துக்குக் குறித்த தேதியிலிருந்து தொடங்க வேண்டும்.

6. காத்திருக்கக் கூடாத நிலைகள்

பால் குடிக்க மறுத்தல், வலிப்பு, 37.5 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேற்பட்ட காய்ச்சல், உடல் சில்லிடுதல், நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேற்பட்ட மூச்சு, முதல் நாளிலேயே தோன்றும் மஞ்சள் காமாலை, உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளாதல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும், கைமருந்தில் நேரத்தைப் போக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வாகனம் இல்லையெனில் 108-ஐ அழைக்க வேண்டும்.