ஒரே காற்று, மூன்று வானிலை

கனடாவின் மேற்குப் பகுதிக்கான குளிர்கால வானிலை முன்னறிவிப்பு சில நாள்களில் உங்களைக் குழப்பிவிடும். கடலோர வான்கூவரில் மழை. கிழக்கே ராக்கி மலைகளில் கடும் பனிப்பொழிவு. மலைக்கு அப்பால் கால்கரியில், ஜனவரியிலும் இதமான வெப்பம். மூன்றுக்கும் பசிபிக் கடலிலிருந்து வீசும் ஒரே ஈரக்காற்று காரணமாக இருக்கலாம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கடல்மட்டத்தில் 8 டிகிரி செல்சியஸ் உள்ள ஈரக்காற்று மலையேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். உயரே அழுத்தம் குறைவதால் காற்று விரிந்து குளிர்கிறது. ஆனால், நீராவி நீர்த்துளியாகும்போது உள்ளுறை வெப்பம் வெளிப்படுவதால் கிலோமீட்டருக்குச் சுமார் 6 டிகிரிதான் குறையும். தாழ்வான இடங்களில் மழை. 0 டிகிரிக்குக் கீழே போகும் உயரத்தில் பனி. 3 கிலோமீட்டர் உயரத்தில் மைனஸ் 10 டிகிரி.

ஈரத்தை இழந்த காற்று மறுபக்கம் இறங்கும்போது அழுத்தம் கூடி, கிலோமீட்டருக்குச் சுமார் 10 டிகிரி சூடேறும். கால்கரி ஏறக்குறைய 1 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது. இறக்கம் 2 கிலோமீட்டர். ஆக, அங்கே 10 டிகிரி, புறப்பட்ட இடத்தைவிட அதிகம்! வெயிலால் என்று எழுதிவிடாதீர்கள். இது நள்ளிரவிலும் நடக்கும்.

இக்காற்றின் பெயர் சினூக். ‘பனி தின்னி’ என்றும் சொல்வார்கள். 1943 ஜனவரி 22 அன்று அமெரிக்காவின் ஸ்பியர்ஃபிஷ் ஊரில், இரண்டே நிமிடத்தில் வெப்பநிலை மைனஸ் 20லிருந்து 7 டிகிரிக்குத் தாவியது. காற்று ஓய்ந்ததும் பழையபடி மைனஸ் 20. அங்கே வண்டி ஓட்டுபவர்கள் சினூக் எப்போது ஓயும் என்பதையும் முன்னறிவிப்பில் பார்க்க வேண்டும்: உருகிய நீர் சாலையில் கண்ணாடிபோல் உறைந்துவிடும்.