மொட்டு விடும் நுண்ணுயிர்கள்

அப்பத்திற்குக் கரைத்த மாவில் சிறிது கள் சேர்த்து இரவில் மூடி வைப்பது நம் பெரியோர் வழக்கம். காலையில் மாவு பொங்கி நிற்கும். இதைச் செய்வது ஈஸ்ட் எனும் நுண்ணுயிர். இது காளான் இனத்தைச் சேர்ந்தது. ஒரே உயிரணுவால் ஆனது. சர்க்கரையை உண்டு, சாராயச் சத்தையும் கரியமில வாயுவையும் வெளியிடுகிறது. கள்ளில் போதை தருவது முன்னது; மாவை உப்பச் செய்வது பின்னது.

ஈஸ்ட் எவ்வாறு பெருகுகிறது? தாய் அணுவின் ஓரத்தில் சிறு மொட்டு அரும்பும். வளர்ந்ததும் பிரிந்து தனி உயிராகும். நல்ல உணவும் வெப்பமும் இருந்தால் இதற்கு ஏறத்தாழ 90 நிமிடங்கள் போதும். ஒட்டுக் கட்டிய ரப்பர்க் கன்று தாய் மரத்தின் குணத்தைக் கொண்டிருப்பது போல, மொட்டில் பிறந்த சேயும் தாயின் குணத்தையே கொண்டிருக்கும். உணவு அருகினால் ஈஸ்ட் உறை போன்ற பைக்குள் வித்துகளை உண்டாக்கிக் காத்திருக்கும்.

ரொட்டி ஈஸ்ட்டின் அறிவியற் பெயர் சாக்கரோமைசிஸ் செரிவிசியே. சாக்கரோமைசிஸ் என்பதற்குச் 'சர்க்கரைக் காளான்' என்பது பொருள். அதன் குடும்பம் சாக்கரோமைசிட்டேசி. முற்காலத்தில் அறிஞர்கள் உருவத்தையும், எச்சர்க்கரையைப் புளிக்க வைக்கிறது என்பதையும் கொண்டு ஈஸ்ட்டுகளை வகைப்படுத்தினர். 1996ஆம் ஆண்டில் ரொட்டி ஈஸ்ட்டின் மரபுத் தொகுதி முழுவதும் படித்தறியப்பட்டது. அதில் சுமார் 6,000 மரபணுக்கள் உள்ளன. இன்று மரபணுக்களை ஒப்பிட்டே உறவு துணியப்படுகிறது.

இதனால் ஓர் உண்மை தெளிவாயிற்று: மொட்டு விடுவன எல்லாம் ஒரே குடும்பம் அல்ல. கேண்டிடா அல்பிகன்ஸ் என்பதும் மொட்டு விடும் ஈஸ்ட்டே. ஆனால் அது வேறு குடும்பம். நலமுள்ளோர் பலரின் வாயிலும் குடலிலும் அது தீங்கின்றி வாழ்கிறது. உடலின் எதிர்ப்பாற்றல் குன்றினாலோ, நோய்க்கிருமிகளைக் கொல்லும் மருந்தை உண்ட பின்போ அது மிகுந்து நோய் செய்யும்.

கைக்குழந்தையின் நாவிலும் கன்னத்தின் உட்புறத்திலும் வெண்படலம் தோன்றினால், அதைப் பால் படிவு என்று எண்ணி விட்டுவிடாதீர்கள். பால் படிவு எளிதில் துடைபடும். இப்படலம் எளிதில் நீங்காது. அதைச் சுரண்டினால் இரத்தம் கசியும். ஆகவே துணியால் தேய்க்காமல், குழந்தையைக் கிளினிக்குக்குக் கொண்டு செல்லுங்கள். தகுந்த மருந்தால் இது குணமாகும். புட்டிப்பால் கொடுப்போர் புட்டியையும் அதன் ரப்பர்க் காம்பையும் நன்கு கழுவிக் கொதிநீரில் இட்டு எடுத்தல் வேண்டும்.

தோற்றத்தில் ஒன்றாயினும் தன்மையில் வேறானவற்றைப் பிரித்தறிவதே கல்வியின் பயன். அவ்வறிவு நம் இல்லந்தோறும் குழந்தைகளைக் காக்கட்டும்.