கையெழுத்துப் போட்டால் கிராம சபை முடிந்துவிட்டதா?

“வருஷத்துக்கு நாலு தடவை கூட்டுவாங்க, அதிகாரி பேசுவார், நாம கையெழுத்துப் போட்டுட்டு வரணும்.” கிராம சபை என்றதும் கொல்லிமலையின் செம்மேட்டிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் பலர் மனதில் இருக்கும் சித்திரம் இதுதான்.

நாலு என்பது பழைய கணக்கு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகியவற்றோடு மார்ச் 22-ம் நவம்பர் 1-ம் 2022-ல் சேர்ந்துவிட்டன.

தலைவரும் வார்டு உறுப்பினர்களும்தான் பேசலாம் என்பதும் தவறு. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோருமே சபையின் உறுப்பினர்கள். மரபுவழித் தலைவரான ஊர்க்கவுண்டர் கூட்டும் பஞ்சாயத்தில் பெரியவர்கள் பேசி முடிப்பார்கள். இங்கே பதினெட்டு வயதுப் பெண்ணும் எழுந்து கணக்குக் கேட்கலாம். ஊராட்சியின் வரவு செலவும் தணிக்கை அறிக்கையும் சபையின் முன் வைக்கப்பட வேண்டும் என்பது 1994-ம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம்.

அந்தக் கையெழுத்து விஷயத்துக்கு வருவோம். 500 பேர் வரையுள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். கையெழுத்து அந்த எண்ணிக்கைக்குத்தான் சாட்சி, தீர்மானத்துக்குச் சம்மதம் அல்ல. தீர்மானம் எழுதும் முன்பே வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்கினால், பேசியது ஒன்றும் எழுதியது ஒன்றுமாகப் போக வழி உண்டு. வாசித்துக் காட்டச் சொல்லிவிட்டுப் போடுங்கள்.

மலைவாழ் மக்களின் ஊர் என்பதால் பெசா சட்டம் (பட்டியல் பகுதிகளுக்கு ஊராட்சி முறையை விரிவாக்கும் சட்டம்) இங்கே தானாகப் பொருந்தும் என்று படித்தவர்களே சொல்வதுண்டு. 1996-ம் ஆண்டின் அந்தச் சட்டம் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளுக்கு மட்டுமே. தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட பகுதி கிடையாது. கொல்லிமலைக்குக் கைகொடுப்பது 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம். உரிமைக் கோரிக்கைகளை முதலில் பரிசீலிப்பது கிராம சபைதான். அந்தக் கூட்டத்துக்குச் சபை உறுப்பினர்களில் பாதிப் பேராவது வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும்.

“தீர்மானம் வெறும் காகிதம்” என்பவர்கள் ஒடிசாவின் நியம்கிரியைப் பார்க்கட்டும். உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரலில் உத்தரவிட, டோங்கிரியா கோந்த் மக்கள் வாழும் அந்த மலையில் 12 கிராம சபைகள் கூடின. பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்று பன்னிரண்டும் எழுதிக் கொடுத்தன; மறு ஆண்டு மத்திய அரசு அனுமதியை மறுத்தது. கொல்லிமலையும் பாக்சைட் வெட்டிய மலைதான்.