பாடம் 9: பிழைபட எழுதும் வைரஸ்

முற்காலத்தில் நூல்கள் பனையோலையில் எழுதப்பட்டன. ஓர் ஏட்டைப் பார்த்து எழுதுவோர் ஓரெழுத்தைத் தவறவிட்டால், அதன்வழி வந்த ஏடுகளிலெல்லாம் அப்பிழை தொடரும். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், பல ஏடுகளை ஒப்பிட்டுப் பார்த்தது இதனாலேயே.

எச்.ஐ.வி. என்னும் வைரசும் இவ்வாறு பிழைபடவே பெருகுகிறது. இந்தியாவில் இவ்வைரஸ் இருப்பது 1986இல் தெரியவந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் மாணவி நிர்மலா திரட்டிய இரத்த மாதிரிகள், வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன.

இதன் மரபுச்செய்தி ஏறத்தாழ 9,700 எழுத்துகள் கொண்டது. மனித உயிரணுவினுள் புகுந்ததும் வைரசின் நொதி ஒன்று அதனைப் படியெடுக்கிறது. எழுதியதைச் சரிபார்க்கும் திறன் அந்நொதிக்கு இல்லை. ஆதலால் பிழைகள் மலிகின்றன. இவையே பிறழ்வுகள்.

தொற்றின் தொடக்கத்தில் பெரும்பாலும் ஒரே வைரசின் வழித்தோன்றல்களே உடலில் பெருகுகின்றன. சில வாரங்களில் உடலின் காவலர்களாகிய டி அணுக்கள், வைரசின் புரதத்துண்டு ஒன்றை அடையாளங்கண்டு, அது தென்படும் உயிரணுக்களை அழிக்கின்றன. பிறழ்வினால் அத்துண்டு மாறிய வைரஸ் தப்பிவிடுகிறது. எனினும் அதற்கும் இழப்பு உண்டு. வைரசின் உட்கூட்டைக் கட்டும் புரதத்தில் அம்மாற்றம் நேர்ந்தால், கூடு செம்மையாக அமையாமல் பெருகும் ஆற்றல் குறையக்கூடும். மற்றொரு பிறழ்வு பின்னர்த் தோன்றி அக்குறையை ஈடுசெய்வதும் உண்டு.

உருமாறிய வைரஸ் என்றாலே கொடியது எனப் பலர் அஞ்சுகின்றனர். அது முற்றும் சரியன்று. தென்னாப்பிரிக்கா, சாம்பியா நாட்டு நோயாளிகளைப் பற்றிய ஆய்வுகள் 2008இல் வெளிவந்தன. உட்கூட்டுப் புரதத்தில் இத்தகைய பிறழ்வுகள் கொண்ட வைரசைப் பெற்றோரின் இரத்தத்தில், தொடக்கத்தில் வைரசின் அளவு குறைவாகவே இருந்தது. அங்குப் பரவியுள்ள ‘சி’ வகையே இந்தியாவிலும் மிகுதி.

மருந்திலிருந்தும் வைரஸ் இவ்வாறே தப்ப முயலும். ஒரு மருந்தை மட்டும் தந்தால் ஓரிரு பிழைகளே அதற்குப் போதும். மூன்று மருந்துகளைச் சேர்த்துத் தந்தாலோ, மூன்றையும் வெல்லும் பிழைகள் ஒரே படியில் ஒருங்கே அமைதல் மிக அரிது. மருந்தைத் தவறாது உட்கொண்டால் படியெடுப்பே அடங்கிவிடும். இம்மருந்துகளை இந்திய அரசு 2004 ஏப்ரல் முதல் இலவசமாக வழங்கி வருகிறது.

செயல்பாடு: “வித்துராவிலிருந்து பொன்முடி செல்லும் சாலையில் மஞ்சு படர்ந்தது.” இத்தொடரைப் பத்து மாணவர் ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்து, சரிபார்க்காமல் விரைந்து எழுதுக. நேர்ந்த பிழைகளுள் பொருளைக் கெடுத்தவை எவை, கெடுக்காதவை எவை எனப் பிரித்தெழுதுக.